இயேசு பிறந்த கதை பைபிளில் ஒன்றா, இரண்டா? அது அவதாரம் மாதிரிதானா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் பிறப்பை வேறு வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதும் நம்ம அவதாரமும் ஒன்றுதானே?"

மத்தேயுவும் லூக்காவும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில் இரண்டை எழுதியவர்கள், மற்ற இருவர் மாற்கு, யோவான். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதுக்குப் பாதி ஆமாம், பாதி இல்லை. நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் வளர்ந்த கத்தோலிக்கன், சில வருஷம் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன், மற்றபடி சாமியாரும் இல்லை, இறையியல் பட்டம் வாங்கியவனும் இல்லை. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழப்பமே கிறிஸ்துமஸ் குடிலில்தான் ஆரம்பிக்கிறது. டிசம்பர் வந்தால் எங்கள் தெருவில் தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு தூவி முளைக்க வைப்பார்கள், அது புல்வெளி. சாயம் அடித்த காகிதத்தைக் கசக்கி நிறுத்தினால் மலை. அதில் மாடு, கழுதை, இடையர்கள், சம்மனசு (வானதூதர்), வால் நட்சத்திரம், ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்கள் என்று எல்லாரும் ஒரே கூரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். சில வீடுகளில் ராஜாக்களை மட்டும் தூரத்தில் நிறுத்தி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6 அன்று குழந்தையிடம் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு, பிள்ளைகளுக்கு அந்த வேலை என்றால் உயிர். ஆனால் இந்த முழுக்காட்சி பைபிளில் எந்தப் பக்கத்திலும் கிடையாது. இடையர்கள் லூக்காவில் மட்டும் வருகிறார்கள். கிழக்கிலிருந்து வந்தவர்கள் மத்தேயுவில் மட்டும், அங்கேயும் அவர்கள் ஞானிகள்தான், ராஜாக்கள் இல்லை, மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருப்பதால் ஆளும் மூன்று ஆகிவிட்டது. அவர்கள் வந்து நுழைவதும் ஒரு வீட்டுக்குள். தீவனத் தொட்டி லூக்காவுடையது. மாடும் கழுதையும் இரண்டு பேரிடமும் இல்லை, பழைய ஏற்பாட்டில் ஏசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து பிற்காலத்தில் ஓட்டிக்கொண்டு வந்தவை. 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார், அதிலிருந்து குடில் வைக்கும் பழக்கம் பரவியது. எனக்குக் குடில் மேல் எந்த வருத்தமும் இல்லை, வருஷா வருஷம் நானும் வைக்கிறேன். ஆனால் இரண்டு கதைகளையும் ஒன்றாகக் கலந்து வைத்திருப்பதால் இரண்டுமே நம் கண்ணில் படாமல் போகிறது.

மத்தேயு கதையைச் சூசையப்பர் (மரியாவின் கணவர் யோசேப்பு) பக்கத்திலிருந்து சொல்கிறார். ஆரம்பமே ஒரு நீளமான பெயர்ப்பட்டியல். ஆபிரகாம் தொடங்கி மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் 14 தலைமுறை என்கிறார். வகுப்பில் ஒரு பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு "கடைசியில 13 தான் சார் வருது" என்றான், சரியாகத்தான் எண்ணியிருந்தான். பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். எனக்கு அங்கேதான் சுவாரசியம். கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரைப் போடும்போது கௌரவமான உறவாகப் பார்த்துத்தானே போடுவோம்? மத்தேயு நேர்மாறாகச் செய்கிறார். அப்பா, மகன் என்று போய்க்கொண்டிருக்கும் பட்டியலில் நான்கு பெண்களை உள்ளே விடுகிறார்: விலைமகள் போல முகத்தை மூடிக்கொண்டு மாமனார் மூலமே பிள்ளை பெற்ற தாமார், எரிகோவில் விலைமகளாக இருந்த இராகாபு, வேற்று நாட்டு மருமகள் ரூத்து, அப்புறம் தாவீது ராஜா அபகரித்துக்கொண்ட உரியாவின் மனைவி. ஐந்தாவதாக மரியா. கல்யாணம் பேசி முடித்த பெண், கூடி வாழும் முன்னே கர்ப்பம். ஊர் என்ன பேசும் என்று மத்தேயுவுக்குத் தெரியும், அதனால்தான் இந்த நான்கு பேரையும் முன்னால் நிறுத்துகிறார் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு எல்லாம் கனவு. மரியாவைச் சேர்த்துக்கொள் என்று ஒரு கனவு, ஏரோது ராஜா குழந்தையைக் கொல்லத் தேடுகிறான், எகிப்துக்கு ஓடு என்று ஒரு கனவு, திரும்பி வா என்று ஒரு கனவு. சூசையப்பர் ஒவ்வொரு முறையும் எழுந்து சொன்னபடி செய்கிறார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. (இப்படி ஒரு வார்த்தையும் பேசாத மனிதரைத் தலைவனாக வைத்து 3615 பாட்டு பாடினார் வீரமாமுனிவர், அதுதான் தேம்பாவணி.)

லூக்கா மரியா பக்கம் நின்று எழுதுகிறார். இங்கே தூதர் கனவில் வருவதில்லை, நேரில் வருகிறார், மரியாவும் சும்மா தலையாட்டாமல் இது எப்படி நடக்கும் என்று கேட்கிறாள். உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிறாள், அங்கே வலியவர்களைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிப் பசித்தவர்களை நிரப்பும் கடவுளைப் பாடுகிறாள். ஞானிகளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை, ஏரோது குழந்தைகளைக் கொன்றதும் இல்லை. ராத்திரி வயலில் கிடை காவல் காத்த இடையர்களுக்குத்தான் முதல் செய்தி. நாற்பது நாள் கழித்துக் கோவிலுக்குப் போகும்போது இரண்டு பறவைகளைக் காணிக்கை கொடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். யூதச் சட்டங்களைச் சொல்லும் லேவியர் நூலைத் திருப்பிப் பார்த்தால்தான் புரியும், முறைப்படி ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும் கொடுக்க வேண்டும், வசதி இல்லாதவர்களுக்குத்தான் இரண்டுமே பறவை. ஏழைகள் என்ற சொல்லே வராமல் அதைச் சொல்லிவிட்டார்.

முரண்பாடு உண்டா என்றால் உண்டு, மழுப்ப வேண்டியதில்லை. மத்தேயுவைப் படித்தால் குடும்பம் பெத்லகேமிலேயே இருப்பது போலத் தெரிகிறது, எகிப்திலிருந்து திரும்பும்போது ஏரோதின் மகன் அர்க்கெலாவுக்குப் பயந்து நாசரேத்துக்குப் போகிறார்கள். லூக்காவில் நாசரேத்துதான் வீடு, கணக்கெடுப்புக்காகப் பெத்லகேம் வந்து பிள்ளை பெற்று, கோவில் காரியம் முடிந்ததும் ஊர் திரும்புகிறார்கள், எகிப்து என்ற பேச்சே இல்லை. சூசையப்பரின் அப்பா பெயர்கூட இங்கே யாக்கோபு, அங்கே ஏலி. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்வது, லூக்கா சொல்லும் கணக்கெடுப்பை, ரோம ஆளுநர் குரேனியு யூதேயாவில் எடுத்தது கி.பி. 6. இதையெல்லாம் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய நிறைய பேர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்பதற்கே இது அடையாளம். அப்படி இருந்தும் தாய் மரியா, அவளுக்கு நிச்சயித்த யோசேப்பு, தாவீது வம்சம், பெத்லகேமில் பிறப்பு, நாசரேத்தில் வளர்ப்பு, தூய ஆவியால் கருவுற்றது என்று முக்கியமானவற்றில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: கிறிஸ்தவ நம்பிக்கை இந்தப் பிறப்புக் கதைகளின் மேல் எழும்பியது இல்லை. தொடக்கக்காலத் திருத்தூதர் பவுலின் கடிதங்கள் நான்கு நற்செய்திகளுக்கும் முந்தியவை, அவற்றில் பெத்லகேம் இல்லை, "பெண்ணிடம் பிறந்தவர்" என்று கலாத்தியருக்கு எழுதியதில் ஒரு சொல்தான் உண்டு. ஆனால் பிலிப்பியருக்கு எழுதியதில், கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை எடுத்தார் என்று சொல்லிவிடுகிறார். மாற்கு இயேசுவை வளர்ந்த ஆளாக யோர்தான் ஆற்றங்கரையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். யோவானில் மாட்டுக்கொட்டிலும் இல்லை, இடையரும் இல்லை, "வாக்கு மனிதர் ஆனார்; நம்மிடையே குடிகொண்டார்" என்று ஒரே வாக்கியம். செத்து உயிர்த்தார் என்ற நம்பிக்கை முதலில் வந்தது, அப்படியானால் இவர் யார், எங்கிருந்து வந்தார் என்று பின்னோக்கிக் கேட்டபோது மத்தேயுவும் லூக்காவும் ஆளுக்கொரு விதமாகச் சொன்ன பதில்தான் பிறப்புக் கதை. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

சரி, அவதாரம். எதிர்வீட்டு அத்தை ஒரு தடவை எங்கள் குடிலைப் பார்த்துக்கொண்டே கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம கண்ணன் கதை மாதிரியே இருக்குதே தம்பி, அங்க கம்சன், இங்க இவன், ராத்திரியோட ராத்திரியா புள்ளையைத் தூக்கிக்கினு ஓடுறாங்க" என்றார். ஒற்றுமை இருக்கிறது, அதை மறுப்பது அசட்டுத்தனம். ஆனால் மத்தேயு மனதில் இருந்தது, யூதர்களை எகிப்திலிருந்து மீட்ட மோசே. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோன், தப்பிய ஒரு குழந்தை, எகிப்து, அங்கிருந்து புறப்பட்டு வருவது என்று விடுதலைப் பயணக் கதையைத் தெரிந்த யூதர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி அடுக்கியிருக்கிறார்.

அவதாரம் என்றால் வேடம், கிறிஸ்தவத்தில் மட்டும்தான் நிஜம் என்று எங்கள் ஆட்கள் சிலர் பேசுவார்கள், அது நியாயமில்லை. கடலூர் திருவந்திபுரத்தில் எனக்கு ஒரு வைணவ நண்பர் இருக்கிறார், வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர் அது, அவரிடம் இந்தப் பேச்சை எடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாது. ராமானுஜர் கீதை நான்காம் அத்தியாயத்துக்கு எழுதிய உரையிலேயே அவதாரம் பொய்த்தோற்றம் இல்லை, நிஜம் என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்தத் திருமேனி நம் உடம்பு போலப் பிரகிருதியால் (ஜடப்பொருளால்) ஆனது இல்லை என்பதும் அவர் சொல்வதுதான். வேறுபாடு இங்கேதான். கிறிஸ்தவம் சொல்வது, நமக்கு இருக்கிற அதே சதை, மரியாவின் வயிற்றிலிருந்து எடுத்தது, பசிக்கும், தூங்கும், அறிவிலும் உயரத்திலும் மெதுவாக வளரும், குத்தினால் ரத்தம் வரும், சாகும். ஒரே ஒரு முறைதான். அந்த உடம்பைக் காரியம் முடிந்ததும் விட்டுவிட்டுப் போகவும் இல்லை. உயிர்த்தபின் சீடர்கள் முன்னால் பொரித்த மீன் துண்டைத் தின்று காட்டுகிறார் (லூக்கா 24), காயம் பட்ட கையோடுதான் விண்ணகம் போனார், இப்போதும் மனிதராகவே இருக்கிறார் என்பது விசுவாசம்.

ஆரம்பகாலச் சபையில் பெரிய தலைவலி இயேசு கடவுளா என்பது மட்டும் இல்லை, உண்மையிலேயே மனிதரா என்பதும்தான். கடவுளுக்கு உடம்பு என்றாலே அசிங்கம் என்று நினைத்தவர்கள் அது வெறும் தோற்றம் என்றார்கள், யோவானின் முதல் கடிதம் நான்காம் அதிகாரம் அவர்களோடு சண்டைபோடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் லூக்காவை எடுத்துப் பிறப்புக் கதை முழுவதையும் வெட்டிவிட்டு, வளர்ந்த இயேசுவை நேராகக் கப்பர்நாகூமில் இறக்கினார். குழந்தை, தொப்புள்கொடி, ஈரத்துணி எதுவும் வேண்டாம் என்று. தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அவரை எதிர்த்து ஒரு நூலே எழுதினார். பிறகு 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றது. 451இல் கால்சிடோனில் கூடிய சங்கம், முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டு இயல்பு, ஒரே ஆள் என்றது.

கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கோவிலுக்குள் இடம் இல்லாமல் வெளியே பந்தலில் நாற்காலி போட்டிருப்பார்கள், பட்டுப்புடவையும் புதுச்சட்டையுமாகக் கூட்டம், பாதிக் குழந்தைகள் தூங்கிவிட்டிருக்கும். நம்பிக்கை அறிக்கையில் "மனிதர் ஆனார்" என்ற இடம் வந்ததும் எல்லாரும் முழங்கால் போட வேண்டும், மற்ற ஞாயிறுகளில் தலை மட்டும் வணங்கினால் போதும். வெளியே இருப்பவர்கள் செருப்பைத் தள்ளி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தரையிலேயே முழங்கால் போடுவார்கள். இப்படிச் செய்வது வருஷத்தில் இரண்டே நாள். இன்னொன்று மார்ச் 25, தூதர் மரியாவிடம் சொன்ன நாள், டிசம்பர் 25க்குச் சரியாக ஒன்பது மாதம் முன்னால். (டிசம்பர் 25 பைபிளில் கிடையாது, அது தனிக் கேள்வி.)

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா கோவில் அமலோற்பவ அன்னைக்கு உரியது. அமலோற்பவம் என்பது கன்னி இயேசுவைப் பெற்றதைச் சொல்வது என்று கத்தோலிக்கர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது மரியா தன் தாயின் வயிற்றில் பாவமாசு இல்லாமல் உருவானதைச் சொல்வது, 1854இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்தது, திருநாள் டிசம்பர் 8.

நேரம் இருந்தால் மத்தேயு 1, 2 அதிகாரங்களை ஒரே மூச்சில் படியுங்கள், பெயர்ப்பட்டியலைத் தாண்டாமல். லூக்கா 1, 2ஐ இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அது நீளம். ஒன்றில் இல்லாததை மற்றதிலிருந்து எடுத்து நிரப்பாமல் படித்துவிட்டு, அப்புறம் யோவான் முதல் அதிகாரத்தில் முதல் பதினெட்டு வசனம். சந்தேகம் வந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள்.