இந்தியக் கடற்படையின் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணனின் பெயருக்குப் பின்னால் வரும் டி.எஸ்.சி., பி.வி.எஸ்.எம். எதற்காக?

டி.எஸ்.சி. (டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்) என்பது எதிரியோடு கடலில் மோதியபோது காட்டிய வீரத்துக்கான பிரிட்டிஷ் பதக்கம். நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணன் இளம் அதிகாரியாக இரண்டாம் உலகப் போரில் அதைப் பெற்றார். பி.வி.எஸ்.எம். (பரம் விசிஷ்ட் சேவா மெடல்) இந்தியப் பதக்கம், ஆனால் வீரப் பதக்கம் அல்ல. மிக உயர்ந்த சேவைக்கானது, பெரும்பாலும் மூத்த அதிகாரிகளுக்கே கிடைக்கும். 1972-ல் பத்ம பூஷணும் வந்தது.

சரி, பதக்கங்களைவிட அவர் மூளையைக் காட்டுவது 1971 இந்திய-பாகிஸ்தான் போர். அப்போது கிழக்குக் கடற்படைத் தளபதி. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அந்தமான் பக்கம் ஒதுக்கிவிட்டு, அது விசாகப்பட்டினம் அருகே இருப்பதுபோல நாடகமாடினார். ராஜ்புத் என்ற பழைய கப்பல் விக்ராந்தாக நடித்து ரேடியோச் செய்திகளைக் கொட்டியது. விக்ராந்துக்கென்று காய்கறி, இறைச்சிகூட மொத்தமாக ஆர்டர் ஆனது! விக்ராந்தைத் தேடிவந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது.