415 வோல்ட் பேனலில் பஸ்பார்களுக்கு (கரண்டைக் கொண்டுபோகும் உலோகப் பட்டைகள்) நடுவே தடுப்பாக ஹைலம் ஷீட் (பிசினில் ஊறிய காகிதம் அல்லது துணி அடுக்குகளை அழுத்திச் செய்தது) போதுமா, வேறு ஏதாவது போட வேண்டுமா?

நீங்கள் பேனல் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் ஷீட் எத்தனை கேவி (கிலோவோல்ட்) தாங்கும் என்று கேட்டிருப்பீர்கள், அவரும் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பார். 415 வோல்ட்டுக்கு அந்த எண் பெரிதாக உதவாது. 3 மி.மீ. கனத்தில் நல்ல ஷீட் எதுவானாலும் தாங்கும். கோளாறு வருவது மேல்பரப்பில்.

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். எங்கள் டிராயிங்கில் எஸ்எம்சி ஷீட் (கண்ணாடி இழை கலந்த பாலியெஸ்டர் ஷீட்) என்று தெளிவாக இருந்தது. பட்டறையின் பர்ச்சேஸில் விலையைப் பார்த்து ஹைலமாக மாற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று எழுதியே கொடுத்தேன், எடுபடவில்லை. கமிஷனிங் அன்று, அதாவது பேனலை முதலில் ஓட்டிய அன்று, மெகர் (இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர்) அருமையாகக் காட்டியது. ஆனால் நீராவி, உப்பு, பஞ்சுத் தூசி மூன்றும் சேர்ந்த இடம் அது. மழைக்காலம் வந்ததும் பேனல் டிரிப் ஆனது. கவரைக் கழற்றினால், ஆர் பேஸ் போல்ட் ஓரத்திலிருந்து ஒய் பேஸ் பக்கமாக ஷீட்டின் மேல் கறுப்புக் கோடு வேர்விட்ட மாதிரி கிளைத்துப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன், கரி ஒட்டிக்கொண்டு வந்தது. "துடைத்துவிட்டுப் போட்டால் ஆகாதா தம்பி?" என்று மெயின்டனன்ஸ் அண்ணன் கேட்டார். ஆகாது அண்ணே, ஷீட்டே கரியாகிவிட்டது, கரி கரண்டைக் கடத்தும் என்றேன்.

மேல்பரப்பில் இப்படிக் கரிக்கோடு விழாமல் தாங்கும் திறனைச் சொல்வதுதான் சிடிஐ (கம்பேரட்டிவ் டிராக்கிங் இண்டெக்ஸ்). ஐஇசி 60112 என்ற சர்வதேசத் தரநிலைச் சோதனையில் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளாட்டின முனைகளை ஷீட்டின் மேல் வைத்து, நடுவே 30 விநாடிக்கு ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுவார்கள். 50 சொட்டு வரை கரிக்கோடு விழாமல் எத்தனை வோல்ட் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 600-ம் அதற்கு மேலும் என்றால் முதல் குரூப். நல்ல எஸ்எம்சி அதில் வரும். ஹைலம் பொதுவாகக் கடைசி வரிசை.

சிடிஐ மட்டும் பார்த்தாலும் தவறிவிடும். அக்ரிலிக்குக்கு சிடிஐ பிரமாதம், ஆனால் தீப்பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் குளோ வயர் ரிப்போர்ட்டும் கேளுங்கள், பழுக்கச் சூடாக்கிய கம்பியை வைத்துத் தீப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பேனல்களுக்கான தரநிலையான ஐஇசி 61439-ல் பஸ்பாரைத் தாங்கிப் பிடிக்கும் பாகத்துக்கு 960 டிகிரி, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 650. உள்ளே தெரிய வேண்டும் என்றால் தீ தானாக அணையும் கிரேடு பாலிகார்பனேட் போடலாம், ஆனால் தின்னரால் துடைக்க விடாதீர்கள், விரிசல் விடும்.

ஹைலத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உலர்ந்த, சுத்தமான அறையில் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நான் சொல்வது ஈரமும் தூசியும் உள்ள இடத்துக்கு.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஷீட்டை மாற்றியது அவர்கள், பணத்தை நிறுத்தியது எங்களிடம். ரிடென்ஷன் தொகை, அதாவது வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பிடித்து வைக்கும் பாக்கி, கடைசிவரை கைக்கு வரவில்லை. சின்னப் பேனல் ஷாப்புகளுக்கு லாபமே அந்தத் தொகைதான். ஆகவே டிராயிங்கில் வெறுமனே 'இன்சுலேஷன் ஷீட்' என்று போடாமல் கிரேடு, கனம், சிடிஐ மூன்றையும் எழுதி, மாற்றினால் எழுத்தில் ஒப்புதல் வேண்டும் என்று ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.