கப்பலில் ஏறாத சரக்கு: தீவு நாடுகளின் சேவை வணிகம் (வாசகர் கேள்வி–பதில்)

சிறு தீவு நாடுகள் வணிக ஒப்பந்தங்களை வைத்துக்கொண்டு சேவைத் துறையில் என்ன சம்பாதிக்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சர்க்கரையும் துணியும் விற்ற மொரீஷியஸ் இப்போது 'சேவை'யை ஏற்றுமதி செய்கிறதாம். கப்பலில் ஏற்ற முடியாத ஒன்றை எப்படி ஏற்றுமதி செய்வது?
– கல்லூரி மாணவி, திருச்சி

கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிய நிலம். மக்கள்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம், அந்த மாவட்டத்தைவிடவும் குறைவு. துணி ஏற்றுமதிக்கு அரணாக இருந்த பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை 2005 தொடக்கத்தோடு போயிற்று. உறுதி விலையில் சர்க்கரை வாங்கிவந்த ஐரோப்பிய ஏற்பாடு 2009-இல் முடிந்தது. மொரீஷியஸ் சேவைப் பக்கம் திரும்பியதன் பின்னணி இது.

1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம் நான்கு வழிகளைச் சொல்கிறது. ஆள் நகராமல் வேலை மட்டும் எல்லை தாண்டுவது முதல் வழி: மொரீஷியஸின் எபேன் நகரிலிருந்து பாரீஸ் வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது. வாங்குபவரே தேடி வருவது இரண்டாவது: சுற்றுலா, மருத்துவம், வெளிநாட்டு மாணவர். அங்கேயே கிளை திறப்பது மூன்றாவது. ஆள் நேரில் போய்ச் சில மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்புவது நான்காவது. ஒப்பந்தப் பேச்சில் சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த நான்காவது வழியில்தான்.

இந்தியா–மொரீஷியஸ் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 115 சேவை உட்பிரிவுகளும், மொரீஷியஸுக்கு 95-உம் திறந்துவிடப்பட்டதாகப் படித்தேன். மென்பொருள் நிறுவனம் நடத்தும் எனக்கு இதில் என்ன கிடைக்கும்?
– வாசகர், கோவை

2021 பிப்ரவரி 22-இல் கையெழுத்தாகி, ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ஒப்பந்தம் அது. ஆப்பிரிக்க நாடு ஒன்றுடன் இந்தியா செய்துகொண்ட முதல் வணிக ஒப்பந்தமும் அதுவே. ஆனால் 115, 95 என்ற எண்ணிக்கை தலைப்புச் செய்திக்குத்தான் உதவும். சரக்கு அட்டவணையில் வரி இத்தனை சதவீதம் குறைந்தது என்று பளிச்சென்று தெரியும். சேவை அட்டவணையில், அதாவது எந்தத் தொழிலை எவ்வளவு திறக்கிறோம் என்று ஒரு நாடு எழுதித் தரும் பட்டியலில், வரியே கிடையாது, சொற்கள்தான் உண்டு. அவற்றைப் படிக்க ஒரு முறை இருக்கிறது.

முதலில் உங்கள் தொழிலுக்கு உரிய வகைப்பாட்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஐ.நா.வின் தற்காலிகப் பொருள் வகைப்பாட்டில் கணினிச் சேவை 84: அதில் மென்பொருள் உருவாக்கம் 842, தரவுச் செயலாக்கம் 843. கட்டட வடிவமைப்பு 8671, பொறியியல் 8672. அடுத்து, துறை வரிசைக்குப் போகுமுன் அட்டவணையின் தொடக்கத்தில் உள்ள பொதுப் பகுதியைப் படியுங்கள். நிலம் வாங்குவது, அந்நிய முதலீட்டு அனுமதி, ஆள் நுழைவு ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவை எல்லாத் துறைக்கும் பொருந்தும். துறைப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'முழுதும் திறந்திருக்கிறது' என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை.

துறை வரிசையில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று சந்தை நுழைவு. மற்றொன்று உள்நாட்டாருக்கு இணையான நடத்துதல். ஒவ்வொன்றிலும் மேலே சொன்ன நான்கு வழிகளுக்கும் தனித்தனி வாசகம். அங்கே 'நன்' (None) என்று இருந்தால் 'ஒன்றும் தரவில்லை' என்று படித்துவிடாதீர்கள். 'தடை ஒன்றுமில்லை' என்று பொருள். முழு வாசலும் திறந்திருக்கிறது. 'அன்பவுண்ட்' (Unbound) என்றால் 'எந்த வாக்குறுதியும் இல்லை', அதாவது நாளைக்கே தடை போடலாம். நான்காவது வழிக்கு எதிரே பெரும்பாலும் 'அன்பவுண்ட், பொதுப் பகுதியில் சொன்னது நீங்கலாக' என்ற ஒரே வாக்கியம்தான் எந்த நாட்டு அட்டவணையிலும் வரும். அதனால்தான் பொதுப் பகுதியை முதலில் படிக்கச் சொன்னது.

இனி உங்கள் லாபம். கோவையில் உட்கார்ந்து மொரீஷியஸ் வங்கிக்கு மென்பொருள் எழுதித் தருவதை 2021-க்கு முன்பும் யாரும் தடுக்கவில்லை. அந்த வழியில் ஒப்பந்தம் தருவது ஒரு காப்பு: திறந்திருக்கும் கதவை இனி அடைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கிளை திறந்து முதல் போடப்போகிறவருக்குத்தான் அந்த எழுத்து பணத்துக்குச் சமம்.

எதிர்த்திசையில் வருவோருக்கும் ஒரு எச்சரிக்கை. போர்ட் லூயியில் ஒரு தபால் பெட்டி வைத்தால் மொரீஷியஸ் நிறுவனமாகிவிட முடியாது. நாடுகளுக்கிடையிலான சேவை ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்கும் வெளியார் நிறுவனம், அந்த நாட்டின் சட்டப்படி அமைந்ததாகவும் அங்கே உண்மையான தொழில் நடத்துவதாகவும் இருக்க வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. அலுவலக வாடகை, ஊழியர் பட்டியல், தணிக்கை செய்த கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும்.

அட்டவணையில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகிவிடும்? வக்கீல்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

ஆன்டிகுவா–பார்புடாவைக் கேளுங்கள். சுமார் ஒரு லட்சம் பேரே வாழும் கரீபியன் தீவு நாடு. இணையச் சூதாட்டச் சேவையை அமெரிக்கர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சட்டங்கள் அதைத் தடுத்தன. 2003-இல் ஆன்டிகுவா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது.

முழு வழக்கும் அமெரிக்காவின் சொந்த அட்டவணையில் இருந்த ஒரு வரியைச் சுற்றித்தான். 'பிற பொழுதுபோக்குச் சேவைகள், விளையாட்டு நீங்கலாக' என்று எழுதி, எல்லை தாண்டிய வழிக்கு எதிரே 'நன்' போட்டிருந்தார்கள். வகைப்பாட்டு எண் குறிப்பிடவில்லை. சூதாட்டமும் 'விளையாட்டு' என்ற சொல்லுக்குள் அடக்கம், ஆகவே நாங்கள் அதை விலக்கிவிட்டோம் என்றது அமெரிக்கா. ஆனால் எல்லா நாடுகளும் அடிப்படையாகக் கொண்ட துறைப் பட்டியலில் விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு; சூதாட்டத்துக்கு 96492 என்று தனி எண்ணே உண்டு. 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு, சூதாட்டத்தையும் அமெரிக்கா திறந்துவிட்டதாகவே தீர்ப்பளித்தது. பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை போடலாம் என்பதை அமர்வு ஏற்றது. ஆனால் குதிரைப் பந்தயப் பணயத்தில் உள்நாட்டாருக்கு ஒரு நீதி, வெளிநாட்டாருக்கு ஒரு நீதி இல்லை என்று அமெரிக்காவால் நிறுவ முடியவில்லை.

வென்ற பிறகுதான் சங்கடம். தோற்ற நாடு வழிக்கு வராவிட்டால், வென்ற நாடு அதன் இறக்குமதிக்கு வரி போட்டுப் பழிவாங்கலாம். ஆன்டிகுவா அமெரிக்கப் பொருளுக்கு வரி போட்டால் யாருக்கு வலிக்கும்? சொந்த மக்களுக்குத்தான் விலை ஏறும். ஆகவே அமெரிக்காவின் அறிவுசார் சொத்துரிமைகளை மதிக்காமல் விடும் உரிமையைக் கேட்டது. ஆண்டுக்கு 344 கோடி டாலர் கேட்ட இடத்தில், 2007 டிசம்பரில் நடுவர் அனுமதித்தது 2.1 கோடி. பயன்படுத்த முறையான ஒப்புதல் கிடைத்தது 2013 ஜனவரியில். அமெரிக்காவோ 2007-லேயே சூதாட்டத்துக்கு வழிவிட்ட அந்த வாசகத்தைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கும் வேலையைத் தொடங்கி, மற்ற பெரிய நாடுகளுக்கு ஈடு கொடுத்துச் சமாதானம் பேசிவிட்டது.

ஒரு எண்ணை எழுதாமல் விட்டதால் அமெரிக்காவே மாட்டிக்கொண்டது என்றால், இரண்டு மூன்று வக்கீல்களை வைத்துக்கொண்டு பேச்சுக்குப் போகும் தீவு எவ்வளவு கவனமாக எழுத வேண்டும்?

பிரெஞ்சு பேசும் வேலையாட்கள் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். பிரான்சின் கால் சென்டர் வேலை மொரீஷியஸுக்குப் போவது ஒப்பந்தத்தாலா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துடன் மொரீஷியஸ் வைத்திருக்கும் இடைக்காலப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் வணிகச் சலுகைகள் சரக்குக்கானவை. சேவையையும் சேர்க்கும் பேச்சு 2019-இல்தான் தொடங்கியது.

வேலையை இழுத்தது மொழி, கடலடிக் கம்பி, கடிகாரம். 2002-இல் வந்த சேஃப் கம்பி, 2021-இல் வந்த மெட்டிஸ் கம்பி. ஒன்று அறுந்தால் இன்னொன்று. பாரீஸில் காலை 9 என்றால் மொரீஷியஸில் கோடையில் 11, குளிர்காலத்தில் 12. பாரீஸ் மாலை 6 மணிக்கு அங்கே இரவு 8 அல்லது 9. புதுச்சேரியில் அதே நேரம் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. கடைசி ஊழியரை வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பும் செலவு யார் தலையில் விழும் என்று பாருங்கள்.

இடறல் வருவது தரவில். ஐரோப்பியரின் சொந்த விவரங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப, அந்த நாட்டின் பாதுகாப்பு போதுமானது என்று ஐரோப்பிய ஆணையம் அறிவித்திருக்க வேண்டும். மொரீஷியஸ் 2017-இல் நல்ல தரவுச் சட்டம் கொண்டுவந்தும் அந்த அறிவிப்பு கிடைக்கவில்லை, இந்தியாவுக்கும் இல்லை. ஆகவே 2021-இல் ஆணையம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த விதிகளில் கையெழுத்திட்டு, தரவு போகும் நாட்டுச் சட்டத்தால் ஆபத்து உண்டா என்ற மதிப்பீட்டையும் எழுதி வைக்க வேண்டும். மாதிரி விதிகளில் ஒரு வரியைத் திருத்தினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. முன்சம்மதம் இல்லாமல் வீடுகளுக்கு விற்பனை அழைப்பு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை பிரான்ஸ் 2025-இல் இயற்றியது. 2026 ஆகஸ்டிலிருந்து என்று நாள் குறித்தது. உள்நாட்டார், வெளிநாட்டார் இருவருக்கும் ஒரே விதி என்பதால் எந்த ஒப்பந்தத்தைக் காட்டியும் தப்ப முடியாது. விற்பனை அழைப்பை நம்பிப் புதிதாக இருக்கை போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

மொரீஷியஸ் கட்டட வடிவமைப்பு நிறுவனம் எங்களுக்கு 20,000 டாலர் பில் அனுப்பியிருக்கிறது. ஒப்பந்தம் இருப்பதால் வரி பிடிக்கத் தேவையில்லை என்கிறார்கள். சரியா?
– நிறுவனக் கணக்காளர், சென்னை

தவறு. வணிக ஒப்பந்தம் வேறு, இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் வேறு. பின்னதில் 2016-இல் செய்த திருத்தப்படி தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் இந்தியாவில் பிடிக்க வேண்டும். 2,000 டாலரைப் பிடித்துக்கொண்டு 18,000 அனுப்புங்கள். அவர்கள் அதை மொரீஷியஸ் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

இந்த 10 சதவீதத்துக்கு, மொரீஷியஸ் வருவாய் ஆணையம் தந்த வசிப்பிடச் சான்றிதழ் அந்த ஆண்டுக்கானதாக இருக்க வேண்டும். வருமான வரித் தளத்தில் அவர்கள் தர வேண்டிய உறுதிமொழிப் படிவமும் வேண்டும். இரண்டும் பணம் அனுப்புமுன் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் உள்நாட்டு விகிதமான 20 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும், அதாவது 4,160 டாலர். பில்லில் 'வரி நீங்கலாக 20,000' என்று எழுதியிருந்தால் வரி உங்கள் பையிலிருந்து போகும்: 22,222 என்று கணக்கிட்டு அதில் 10 சதவீதம். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே அந்த வாசகத்தைப் பாருங்கள்.

ஜிஎஸ்டி தனி. இறக்குமதிச் சேவை என்பதால் எதிர்முறைக் கட்டண அடிப்படையில் 18 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரவைக் கொண்டு ஈடுகட்ட முடியாது, ரொக்கமாகத்தான். கட்டிய பிறகு தகுதி இருந்தால் வரவு எடுக்கலாம். 18,000-க்குக் கணக்குப் போட்டுவிடாதீர்கள், 20,000-க்கு.

அவர்கள் ஆட்கள் தளத்தில் வேலை பார்க்க வந்தால், நாட்களைக் குறித்து வையுங்கள். ஒரே திட்டத்துக்கு எந்த 12 மாதத்திலும் மொத்தம் 90 நாளைத் தாண்டினால் இந்தியாவில் நிலையான தொழில் இடம் இருப்பதாகக் கருதி லாபத்துக்கே வரி கேட்பார்கள். மூன்று நடையாக வந்தாலும் கூட்டித்தான் எண்ணுவார்கள்.

கரீபியன் தீவுக் கலைஞர்கள் ஐரோப்பாவில் கச்சேரி செய்ய ஒப்பந்தம் வழிவிட்டது உண்மையா?
– தவில் கலைஞர், தஞ்சாவூர்

உண்மை, ஆனால் வாசலில் ஒரு படி இருக்கிறது. 2008 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம், கேளிக்கைச் சேவையை 'ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்' என்ற வகையில் சேர்த்தது. 12 மாதத்தில் ஆறு மாதம்வரை தங்கலாம். நிபந்தனை: அந்த நிறுவனத்தில் குறைந்தது ஓராண்டு ஊழியராக இருந்திருக்க வேண்டும், துறையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். தனியாளாகப் போவோருக்கான பட்டியல் வேறு; அதில் கட்டடக் கலைஞர், பொறியாளர், மொழிபெயர்ப்பாளர் போன்றோர் ஆறு ஆண்டு அனுபவத்துடன் போகலாம். இசைக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எந்த இசைக்காரர் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்? குழுவை நிறுவனமாகப் பதிந்து, ஓராண்டு சம்பளப் பதிவேடு காட்டினால்தான் விதி பொருந்தும். அதற்கு மேல் வேலை அனுமதி அந்தந்த நாட்டின் கையில்.

இலங்கைக்கு இதில் என்ன வாய்ப்பு?
– வாசகர், யாழ்ப்பாணம்

இந்தியாவுடன் 2000 மார்ச் முதல் இருக்கும் ஒப்பந்தம் சரக்குக்கு மட்டும். சேவையைச் சேர்க்கும் முயற்சி 2008-இல் கையெழுத்துவரை வந்து நின்றது. பிறகு 'எட்கா' என்ற பெயரில் தொடர்ந்த பேச்சில் 2024 ஜூலையில் 14-ஆவது சுற்று நடந்தது. சிங்கப்பூருடன் 2018 மே முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் சேவை உண்டு. அதற்கும் தொழில்முறைச் சங்கங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன.

அந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ள மாட்டேன். வெளியிலிருந்து வரும் பொறியாளரின் தகுதியைச் சரிபார்க்கப் பதிவுச் சட்டம் இல்லாமல் கதவைத் திறந்தால் பின்னால் கட்டுப்படுத்த முடியாது. இலங்கையின் பொறியியல் பேரவைச் சட்டமே 2017-இல்தான் வந்தது. முதலில் ஒவ்வொரு தொழிலுக்கும் பதிவேடு, பிறகு அட்டவணை என்பதே சரியான வரிசை. இதற்கிடையே கொழும்புத் துறைமுகம் இந்தியக் கன்டெய்னர்களை மாற்றி ஏற்றி எந்தச் சேவை ஒப்பந்தமும் இல்லாமல் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதாமே?
– வாசகர், சேலம்

இருக்கிறது, தமிழ் எண்களோடு. 1998-இல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதால் எழுந்த எதிர்ப்பில் அந்த வரிசையையே திரும்பப் பெற்றார்கள்.