ஈதரை விற்காமல் அனுப்புங்கள்

கேள்வி: ஓர் இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் ஈதர் வைத்திருக்கிறேன். 60,000 ரூபாய்க்கு வாங்கியது, இன்றைய மதிப்பு 80,000 ரூபாய். இதை இன்னொரு எக்ஸ்சேஞ்சில் உள்ள என் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஈதராகவே அனுப்பினால் கட்டணம் அதிகம், எக்ஸ்ஆர்பி என்ற இன்னொரு கிரிப்டோவாக மாற்றி அனுப்பிவிட்டு அங்கே திரும்ப ஈதர் வாங்கிக்கொள் என்கிறார் நண்பர். செய்யலாமா? வழியில் காணாமல் போய்விடாதே? எவ்வளவு நேரம் ஆகும்?
— திருப்பூர் வாசகர்

நண்பரின் யோசனை இந்தியாவுக்கு ஒத்துவராது. இங்கே ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினாலும் அது விற்பனைதான். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதன் மேல் 4% செஸ். எக்ஸ்ஆர்பிக்கு மாறிய அந்த நொடியே உங்களுக்கு 20,000 ரூபாய் லாபம் வந்துவிட்டதாகக் கணக்கு. வரி 6,240 ரூபாய். போதாததற்கு, ஈதரைக் கொடுக்கும்போது 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி), அங்கே போய் எக்ஸ்ஆர்பியைக் கொடுத்து ஈதர் வாங்கும்போது இன்னொரு 1%. டிடிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். போகிற வழியில் எக்ஸ்ஆர்பி விலை சரிந்தால் அந்த நஷ்டத்தை ஈதர் லாபத்தில் கழிக்கவும் சட்டம் விடாது.

என்றைக்காவது விற்கும்போது கட்ட வேண்டிய வரிதானே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் சில நூறு ரூபாய் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 6,240 ரூபாயை இப்போதே ஏன் எடுத்து வைக்க வேண்டும்? உங்கள் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கே ஈதரை ஈதராக அனுப்பினால் அது விற்பனை ஆகாது; லாப வரியும் இல்லை, டிடிஎஸ்ஸும் இல்லை.

கட்டணம்தான் கவலை என்றால் அதற்கு வேறு வழி உண்டு. ஈதர் எத்தீரியம் நெட்வொர்க்கில் மட்டும் ஓடுவதில்லை. ஆர்பிட்ரம், பேஸ் போன்ற துணை நெட்வொர்க்குகளிலும் ஓடுகிறது, அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நெட்வொர்க் இரண்டு எக்ஸ்சேஞ்சிலும் இருக்க வேண்டும். முதலில் ஈதரைப் பெறும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் டெபாசிட் பகுதியில் ஈதருக்கு எந்தெந்த நெட்வொர்க் காட்டுகிறது என்று பாருங்கள். அதன் பிறகே அனுப்பும் எக்ஸ்சேஞ்சைத் திறங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் இங்கே எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. எத்தீரியம், ஆர்பிட்ரம், பேஸ், பிஎன்பி செயின் எல்லாவற்றிலும் முகவரி ஒரே வடிவம்: பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும் 42 எழுத்துகள். பிட்காயின் முகவரியைப் போட்டால் 'தவறு' என்று சொல்லும் திரை, தவறான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால் வாயே திறக்காது. பணம் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் மட்டும் வரவு ஆகாது. அந்த முகவரியில் இருப்பதை எடுக்க உதவும் ரகசியச் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதால் மீட்க வாய்ப்பு உண்டு. ஆனால் மீட்டுத் தருவதா வேண்டாமா, அதற்கு எவ்வளவு வாங்குவது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம்.

முகவரியை எப்போதும் டெபாசிட் பக்கத்திலிருந்தே நகலெடுங்கள், பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து அல்ல. முதல் நான்கும் கடைசி நான்கும் உங்கள் முகவரியைப் போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து அற்பத் தொகையை அனுப்பி, அந்தப் பட்டியலில் மோசடிக்காரர்கள் இடம்பிடித்துவிடுகிறார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏமாந்து 1,155 டபிள்யூபிடிசியை (பிட்காயின் மதிப்பையொட்டிய டோக்கன்), அதாவது ஏறத்தாழ 6.8 கோடி டாலரை, தவறான கைக்கு அனுப்பினார். பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது அவர் அதிர்ஷ்டம். நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள்.

முதலில் சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். அது அந்த எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச டெபாசிட்டுக்கு மேல் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் வரவே வைக்க மாட்டார்கள். கட்டணம் இரண்டு முறை போகும்தான். நான் எனக்கு அனுப்பும்போதும் அந்தச் செலவைத் தயங்காமல் செய்கிறேன். (எக்ஸ்ஆர்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு டெஸ்டினேஷன் டேக் எண்ணும் கட்டாயம். வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே முகவரி. யாருடைய பணம் என்பதை அந்த எண்தான் சொல்லும். ஈதருக்கு அந்தத் தொல்லை இல்லை.)

புது எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது தெரியாது. பழைய கணக்கை மூடுவதற்கு முன் வாங்கிய ரசீது, பரிவர்த்தனை அறிக்கை இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60,000 ரூபாய்க்கு ஆதாரம் இல்லாவிட்டால் பின்னாளில் லாபத்தை மெய்ப்பிப்பது உங்கள் தலைவலி. அனுப்பும் கட்டணத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம்.

நேரம்: எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவாகும். உங்கள் பரிவர்த்தனைக்குப் பின் மேலும் சில பிளாக்குகள் சேரும்வரை எக்ஸ்சேஞ்ச் காத்திருப்பதால் பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். புது முகவரியைச் சேர்த்ததும் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும் எக்ஸ்சேஞ்சுகளும் உண்டு, பதற வேண்டாம். அதற்கு மேலும் வரவில்லையென்றால் டிரான்சாக்‌ஷன் ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பிய எக்ஸ்சேஞ்சைக் கேளுங்கள். இருந்து, எத்தீரியம் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் வெற்றி என்று காட்டினால் பெறும் எக்ஸ்சேஞ்சைக் கேளுங்கள். இரண்டையும் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி வழியாகவே கேளுங்கள். டெலிகிராமில் தானாக வந்து உதவுகிறேன் என்பவரிடம் அல்ல.