மனோன்மணீயம் பட்டம் சென்னையில் செல்லுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகளுக்குப் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல சேதி. ஆனால் பட்டத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று இருந்தால் சென்னையில் யார் மதிப்பார்கள், கடனை வாங்கியாவது அங்கே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம். கடன் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். அப்பா 1962இல் அதே கல்லூரியில் முடித்தவர் என்கிறீர்கள். அவர் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அண்ணன் 1985இல் முடித்தவர். அவருடையதில் மதுரை காமராசர். மகளுக்கு மனோன்மணீயம் சுந்தரனார். கல்லூரி ஒன்றுதான், மேலே இருக்கிற பெயர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம்தான் நம் தெற்கத்திக் கல்லூரிகளுக்கும் வெகுகாலம் பட்டம் கொடுத்தது. 1966இல் மதுரைக்குத் தனியாக ஒன்று வந்தது. அதிலிருந்து நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகளைப் பிரித்து 1990இல் அமைத்ததுதான் மனோன்மணீயம் சுந்தரனார். 2019இல் தென்காசி தனி மாவட்டமானதால் கணக்கு நான்காகிவிட்டது, எல்லை அதேதான். நாகர்கோவில்காரர்கள் கதை இன்னும் சுற்று. 1956 வரை அவர்கள் கேரளப் பக்கம் இருந்ததால் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறது!

பெயரும் சின்னப் பெயர் இல்லை. அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளையின் பெயர்தான் அது. இன்னொன்றும் சொல்கிறேன்: இன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதும் சென்னையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும்தான். கோவைக்கும் திருச்சிக்கும் 1982இலேயே தனித்தனியாக வந்துவிட்டன. எல்லாமே சட்டத்தால் அமைந்த, யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு எதிலும் இந்தப் பட்டம், அந்தப் பட்டம் என்று தரம் பிரிப்பதில்லை.

அப்போ கவலைப்பட எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. கல்லூரி தன்னாட்சியா இல்லையா என்று கேட்டீர்களா? பலர் விட்டுவிடுகிற கேள்வி இது. தன்னாட்சி என்றால் பாடத்திட்டம், வினாத்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். மற்ற இணைவுக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு பல்கலைக்கழகத்துடையது. கோவில்பட்டியில் எழுதுகிற பிள்ளைக்கும் களியக்காவிளையில் எழுதுகிற பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அத்தனை கல்லூரித் தாளும் திருத்தி முடிந்துதான் ரிசல்ட் வரும். தன்னாட்சிக் கல்லூரியில் பெரும்பாலும் முன்னதாகவே வந்துவிடும். எம்.எஸ்சி.க்கு வெளியூரில் விண்ணப்பிக்கிற வருஷம் இந்த இடைவெளி உறுத்தும். சேரும்போதே தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். தன்னாட்சியிலும் ஒரு சங்கடம் உண்டு. கேள்வி கேட்பவரும் பாடம் நடத்தியவரும் ஒருவரேயானால், குறிப்பிட்ட சில பக்கங்களைப் படித்துத் தப்பிக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடும். நல்ல கல்லூரி இதைத் தானே தடுத்துக்கொள்ளும். பார்த்துச் சேருங்கள்.

அடுத்தது எய்டடா (அரசு நிதியுதவி பெறும் பிரிவு), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதிப் பிரிவு) என்பது. ஒரே வளாகம், ஒரே பட்டம். கட்டணத்தில் மட்டும் பெரிய வித்தியாசம். பட்டச் சான்றிதழில் இது எங்கும் அச்சாகாது. பணம் கட்டும் முன் எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். எய்டடில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் சில நாள் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

பல்கலைக்கழகத்துக்குள் யார் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் உயர்கல்வி அமைச்சர். இவர்களைப் பட்டமளிப்பு விழா மேடையில் பார்ப்பதோடு சரி. நடத்துபவர் துணைவேந்தர், முடிவெடுக்கிற இடம் சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு. உங்களுக்கு உண்மையில் வேலை வரப்போவது இரண்டு இடத்தில்தான். மார்க் ஷீட், மறுமதிப்பீடு, பட்டச் சான்றிதழ் என்றால் தேர்வாணையர் அலுவலகம். இணைவு, நிர்வாகம் பற்றியது என்றால் பதிவாளர் அலுவலகம். இரண்டும் திருநெல்வேலி பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில்தான். நேரே அங்கே போய் நிற்காதீர்கள். கல்லூரி முதல்வர் வழியாகப் போகிற மனுதான் நகரும்.

மகள் பி.எட். பற்றிப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது அதற்கு இங்கே வர வேண்டியதில்லை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், பி.எட். கல்லூரிகள் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கும் போய் வெகுநாளாகிறது. தெரிந்தவர்கள் யாராவது "நாங்கள் பி.இ.யே மனோன்மணீயத்தில் வாங்கினோம்" என்று சொன்னால் அதுவும் உண்மைதான், அது அந்தக் காலம்.

சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கிறதோ, புள்ளி மாறாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தில் திருத்தப் போனால் மனு, கட்டணம், அலைச்சல் மூன்றும் உங்கள் தலையில்தான் வரும்.