பெட்டியில் பென்குயின் இருந்தால் போதுமா?

வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் 450 ரூபாய்க்கு, யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் வாங்கினேன். அட்டையில் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சின்னமான பென்குயின் படம் போட்டு ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் உள்ள உபுண்டு லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைக்காரர் திரும்ப வாங்க மறுக்கிறார்.

பதில்: அச்சடித்துச் சொன்னதை நம்பியது உங்கள் தப்பில்லை. அட்டை, பில் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். கூட வந்த சிடியையும் திறந்து பாருங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6 பதிப்புக் காலத்து டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) ஏதாவது ஜிப் ஃபைலாகக் கிடக்கும். அந்தத் தைரியத்தில்தான் பென்குயினை ஒட்டியிருப்பார்கள்.

கேள்வி: நண்பரிடம் இருக்கும் அதே மாடல் டாங்கிளைத்தான் வாங்கினேன். அவருடையது லினக்ஸில் ஓடுகிறது, என்னுடையது ஓடவில்லை.

பதில்: பின்பக்க லேபிளில் வெர்ஷன் எண்ணைப் பார்த்தீர்களா? டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் வெர்ஷனில் ஏதெராஸ் சிப் இருந்தது. இரண்டாவதில் ரியல்டெக் சிப்பைப் போட்டுவிட்டு மாடல் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். டிரைவர் சிப்புக்குத்தான், பெயருக்கு இல்லை. சிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டேன். லினக்ஸில் ஓடுமா?

பதில்: எந்தக் கார்டு என்றுகூட எழுதவில்லை. வாங்கும்போதும் இதே கவனம்தான் போலிருக்கிறது.

கேள்வி: சிப் கம்பெனிகள் டேட்டாஷீட்டை (சிப்பை எப்படி இயக்குவது என்ற விவரக் குறிப்பை) ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கின்றன?

பதில்: போட்டியாளர் காப்பியடிப்பார், பேட்டன்ட் வழக்கு வரும், உள்ளே சில பகுதிகள் வேறு கம்பெனிக்குச் சொந்தம் என்பார்கள். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மற்றதெல்லாம் சாக்கு. ஏஎம்டி 2007-லேயே ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. கம்பெனி ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. அதன் போட்டிக் கம்பெனியான என்விடியா மூடியே வைத்திருந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேமராவைப் பார்த்து அந்தக் கம்பெனிக்கு நடுவிரலையே காட்டினார். அப்புறமும் பத்து வருஷம் ஆயிற்று. 2022 மே மாதம் டிரைவரின் கெர்னல் பகுதிக்கான சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல வரிகளை) மட்டும் வெளியிட்டார்கள், அதுவும் டூரிங் என்ற தலைமுறை முதல் வந்த கார்டுகளுக்கு. நஷ்டம் யாருக்கு? என் அலமாரியில் ஒரு ஸ்கேனர் கிடக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விளக்கும் எரிகிறது. புது விண்டோஸுக்குக் கம்பெனி டிரைவர் எழுதவில்லை. அதன் விவரத்தை வெளியே சொல்லாததால் வேறு யாரும் எழுதவில்லை. முழுக் காசையும் வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

கேள்வி: என் ரௌட்டருக்கு அப்டேட் நின்றுவிட்டது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதால் சோர்ஸ் கோடு கேட்டேன். ‘கம்பெனி ரகசியம்’ என்று சர்வீஸ் சென்டரில் துரத்திவிட்டார்கள்.

பதில்: ரகசியமாவது ஒன்றாவது! லினக்ஸ் கெர்னலுக்கு ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்புதான் லைசென்ஸ். அதைப் பெட்டிக்குள் வைத்து விற்பவர் சோர்ஸ் கோடையும் கூடவே தர வேண்டும். இல்லையென்றால், கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். 2003-ல் லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் கோடு வெளியே வந்தது சிலர் விடாமல் கேட்டதால்தான். ரௌட்டர்களுக்கான திறந்த மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி அதிலிருந்து கிளம்பியது. நீங்களும் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஆனால் கெர்னல் கோடு வந்தாலும் வைஃபை சிப்பின் டேட்டாஷீட் வராது. அதைக் கேட்க ஜிபிஎல்லில் வழியில்லை.

கேள்வி: மகளின் லினக்ஸ் லேப்டாப்புக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்?

பதில்: வைஃபையும் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் வசதியும் உள்ள மாடலைப் பாருங்கள். அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.