ஆர்சி (ரிமோட்ல ஓடற) ட்ரக் புதுசா வாங்கிருக்கேன், கஸ்டமைஸ் பண்ண மோட்டார்ல ஆரம்பிக்கலாமா, லைட்டா, பெயிண்டா?

மோட்டார்ல மட்டும் ஆரம்பிக்காதீங்க. கேள்வியைப் பாத்ததும் பதில் எழுதாம போக முடியல, ஏன்னா நான் அதுலதான் ஆரம்பிச்சேன்.

நீங்க எந்த மாடல்னு சொல்லல. 1/14 சைஸ் (நிஜ லாரில பதினாலுல ஒரு பங்கு) ட்ரெய்லர் இழுக்கற ட்ரக்காத்தான் இருக்கும்னு வெச்சுக்கறேன், 1993ல தமியாங்கற ஜப்பான் கம்பெனி கிங் ஹாலர்ங்கற ட்ரக்கை விட்டதுல இருந்து இந்தப் பக்கம் வர்றவங்க நிறையப் பேர் அந்த சைஸ்லதான் மாட்டறாங்க. கிட்டைப் பூட்டி முடிச்சு வீட்டுக்குள்ள நாலு ரவுண்டு விட்டிருப்பீங்க, 'என்ன இது, ஆமை மாதிரி போகுது'ன்னு தோணிருக்கும். எனக்கும் தோணுச்சு. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நிஜ லாரி 80 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா 14ஆல வகுத்தா 5.7 வருது, மனுஷன் கொஞ்சம் வேகமா நடக்கற வேகம். அந்த வேகத்துல போனாதான் தரையோட தரையா கண்ணை வெச்சுப் பாக்கறப்ப லாரி மாதிரி இருக்கும், அதுக்கு மேல போனா எலி ஓடற மாதிரிதான் இருக்கும். நான் இதெல்லாம் யோசிக்காம டர்ன் (உள்ள சுத்தற கம்பிச் சுத்து) கம்மியான, வேகமா சுத்தற மோட்டாரை வாங்கி மாட்டினேன், முதல் வளைவுலயே ட்ரெய்லர் சாஞ்சு கேபையும் (டிரைவர் உக்கார்ற முன்பக்கம்) சேத்து இழுத்துப் போட்டுச்சு. இடது பக்க கண்ணாடி போச்சு. அன்னைக்கு ராத்திரியே பழைய மோட்டாரை திரும்ப மாட்டிட்டேன், புதுசு இன்னும் டப்பாலதான் இருக்கு. (பாறை மேல ஏத்தற க்ராலர் வெச்சிருக்கவங்க, ரேஸ் விடறவங்க சண்டைக்கு வராதீங்க, உங்க கதை வேற, நான் ட்ரெய்லர் ட்ரக்கை மட்டும்தான் சொல்றேன்.)

லைட் ஆரம்பிக்க நல்ல இடம்தான், ஆனா அதுலயும் ஒரு குழி இருக்கு. நான் ஹெட்லைட், பின்னாடி சிவப்பு, கேப் மேல ஆரஞ்சு, பக்கவாட்டுல வரிசையா சின்னதுன்னு மொத்தம் 28 எல்ஈடி வெச்சேன். வெள்ளை எல்ஈடிக்கு 3 வோல்ட் வேணும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற ஈஎஸ்சில, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் குடுக்கற பிஇசின்னு ஒண்ணு இருக்கு, அது தர்றது 6 வோல்ட், மீதி 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கணும், 15 மில்லிஆம்ப்னு கணக்குப் போட்டா 200 ஓம், கடையில சுலபமா கிடைக்கறது 220, அதையே ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனித்தனியா போட்டேன். அது வரைக்கும் எல்லாம் சரி. அந்த ஜோர்ல முன் சக்கரத்தைத் திருப்பற ஸ்டியரிங் சர்வோவையும் கழட்டிட்டு நல்ல டார்க் (திருப்பற பலம்) இருக்கறதா ஒண்ணு மாட்டினேன். ட்ரெய்லரைக் கட்டிட்டு முழுசா திருப்பினா எல்லா லைட்டும் ஒரு தடவை மங்கும், வண்டி செத்த மாதிரி நிக்கும், ரெண்டு செகண்ட் கழிச்சு தானா உயிர் வரும். நான் ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவரை சந்தேகப்பட்டு புதுசு வாங்கினேன், அப்புறம் ரிமோட்டை சந்தேகப்பட்டேன், ஆன்டெனா வயரை இங்கயும் அங்கயும் நகத்திப் பாத்தேன், ஒரு வாரம் போச்சு. கடைசில பாத்தா பிஇசி தாங்கறது 2 ஆம்ப், அந்த சர்வோ முட்டிக்கிட்டு நின்னா அது ஒண்ணே 2.5 ஆம்ப் இழுக்குது. வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ரீஸ்டார்ட் ஆயிருக்கு, அவ்ளோதான். பேட்டரில இருந்து நேரா தனியா ஒரு 5 ஆம்ப் யூபிஇசி (ஈஎஸ்சிக்கு வெளில இருக்கற தனி பிஇசி) வெச்சேன், ஈஎஸ்சில இருந்து ரிசீவருக்குப் போற ப்ளக்ல சிவப்பு வயரை மட்டும் உருவி டேப் சுத்திட்டேன், அதோட தீந்துச்சு. சிவப்பை உருவாம ரெண்டையும் சேத்துக் குடுத்துடாதீங்க, ரெண்டு பிஇசியும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடறதா இருந்தா ஈஎஸ்சில லிப்போ கட்ஆஃப், அதாவது சார்ஜ் குறைஞ்சா தானா நிறுத்தற வசதி, இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழ போயி பேட்டரி காலி, சின்ன அலாரம் ஒண்ணு மாட்டிக்கிட்டா போதும்.

இப்ப பெயிண்ட். இங்கதான் எனக்கு நல்லா அடி.

கேபை சோப்புத் தண்ணில கழுவி, 400 எமரி பேப்பர்ல தேச்சு அப்புறம் 800ல தேச்சு, ப்ரைமர் அடிச்சு, சிவப்புக்குக் கீழ வெள்ளை அடிச்சு (சிவப்பு அடியில இருக்கறதைக் காட்டிக் குடுத்துடும், நேரா க்ரே மேல அடிச்சா செங்கல் கலர்தான் வரும்), மூணு மெல்லிசு கோட் சிவப்பு அடிச்சேன். சொல்லக்கூடாது, அவ்ளோ அழகா இருந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். கீழ் பார்டருக்கு ப்ரஷ்ல எனாமல் கிரீம் கலர் போட்டேன், தொட்டா ஒட்டல, காஞ்சிடுச்சுன்னு முடிவு பண்ணி அன்னைக்கு சாயங்காலமே மேல லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல் கோட்) அடிச்சேன். கண் முன்னாடியே, மொத மொத கிரீம் பட்டையில ஒரு சுருக்கம், அப்புறம் வெயில்ல போட்ட பாலாடை மாதிரி அந்தப் பட்டை மொத்தமும் சுருண்டு வெடிச்சுது. கேனைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னேன், என்ன பண்றதுன்னே தெரியல. லாக்கர் மேல எனாமல் போடலாம், எனாமல் மேல லாக்கர் போனா கீழ இருக்கறதைக் கரைச்சுடும், இது ஊருக்கே தெரிஞ்ச விஷயமாம், எனக்கு மட்டும் தெரியல. 'டப்பா மேல எழுதிருக்குமே'ன்னு கேப்பீங்க. ஆமா, எழுதிருந்துச்சு.

மூணு நாள் தேச்சேன். பெயிண்ட் போச்சு, கூடவே ரெண்டு கதவுலயும் இருந்த ரிவெட் வரிசையும் போச்சு. பக்கத்துக்கு 14, குண்டூசி தலைல பாதி சைஸ்ல இருக்கும். அது இல்லாம கதவு வழுக்கைத் தலை மாதிரி தெரிஞ்சுது. புது கேப் வாங்கலாம்னு நெனச்சேன், மனசு வரல. அப்புறம் பென்சில்ல கோடு போட்டு, ஸ்கேல் வெச்சு புள்ளி குறிச்சு, ஊசி முனைல வெள்ளைப் பசையைத் தொட்டு ஒவ்வொரு புள்ளியா வெச்சேன். பசை கொஞ்சம் தண்ணியா இருந்தா தட்டையாயிடும், கெட்டியா இருந்தா வால் விடும், ஒரு பத்து தடவை துடைச்சுத் துடைச்சு வெச்சதுக்கப்புறம்தான் அந்தப் பதம் பிடிபட்டுச்சு. காஞ்சு மேல ப்ரைமர் அடிச்சப்போ நிஜமா ரிவெட் மாதிரியே நின்னுச்சு. வலது கதவுல மேல இருந்து ஒம்பதாவது மட்டும் ஒரு முடி அளவு தள்ளிருக்கு, இது வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல. இந்த முறை கிரீமும் லாக்கர்தான். ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி பளபள கிளியர் ஒரு கோட், இல்லன்னா மேட் பெயிண்ட் மேல ஸ்டிக்கரோட ஓரம் வெள்ளி மாதிரி தெரியும், அதையும் நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். கண்ணாடி மாதிரி தெரியற பாலிகார்பனேட் பாடின்னா இது எதுவும் ஒத்துவராது, அதுக்கு உள்பக்கத்துல இருந்து அடிக்கணும், பெயிண்டே வேற. தமியால டிஎஸ்னு இருக்கறது கெட்டி ப்ளாஸ்டிக்குக்கு, பிஎஸ்னு இருக்கறது பாலிகார்பனேட்டுக்கு, மாத்தி வாங்கிடாதீங்க.

கேக்காததையும் ஒண்ணு சொல்லிடறேன். இவ்ளோ பாடுபட்டு ஷெல்ஃப்ல வெச்சா வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல அது பொம்மை. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வந்தான், அழுதான், 'புள்ள கேக்குது, குடுங்களேன், பொம்மைதானே'ன்னு அவங்கம்மா. நான் குடுக்கலன்னா இந்த வயசுல பொம்மைக்கு சண்டை போடறவன்னு பேரு, குடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். குடுத்தேன். கேபைப் பிடிச்சுத் தூக்கல, கண்ணாடியைப் பிடிச்சுத் தூக்கினான். அவங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கற பீங்கான் யானையை நான் போயி 'குடுங்க, தரையில உருட்டிப் பாக்கறேன்'னு கேட்டா குடுப்பாங்களா? குழந்தை மேல எனக்குக் கோவமே இல்ல, எழுதி வெச்சுக்கோங்க, இதையும் யாராச்சும் திரிச்சுப் பேசுவாங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். ஒரு ரெண்டு வாரம் எதுவும் மாத்தாம ஓட்டுங்க, எந்த ஸ்க்ரூ லூஸ் ஆகுது, எந்த வயர் உரசுதுன்னு அதுவே சொல்லும். தமியா ஸ்க்ரூ ஜப்பான் அளவு, ஜேஐஎஸ் முனை இருக்கற ஸ்க்ரூடிரைவர் வாங்குங்க, சாதா ஸ்டார்ல திருகினா தலை வழுக்கிடும். அப்புறம் பிஇசி எவ்ளோ தாங்கும்னு பாத்துட்டு லைட். பெயிண்ட் அடிக்கணும்னா வயரிங்குக்கு ஓட்டை போடற வேலை எல்லாம் முடிச்சுட்டு அடிங்க, நான் அடிச்சதுக்கப்புறம் ஓட்டை போட்டு ரெண்டு இடத்துல சில்லு விட்டேன்.

என்னுது இப்ப ரெண்டு பக்கமும் கண்ணாடி இல்லாமதான் ஓடுது. ஸ்பேர் வந்து ஒரு மாசம் ஆச்சு, கவரைக் கூட பிரிக்கல. அந்த சிவப்பு கேன்ல மிச்சம் இருக்கான்னு ஆட்டிப் பாக்க பயமா இருக்கு.